ஒன்பது ஆண்டில் ஆறு வினாடி

வாசகர் கேள்வி – பதில்: நெடுந்தூர ஓட்டம்

கேள்வி: கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே சிறு வயதிலிருந்து ஒரே பயிற்சியாளரிடம்தான் ஓடுகிறார் என்று படித்தேன். அதனால் உண்மையில் என்ன கிடைத்தது? வருடத்துக்கு எவ்வளவு முன்னேறினார் என்று கணக்குச் சொல்ல முடியுமா?
– உடற்கல்வி ஆசிரியர், ஒட்டன்சத்திரம்

பதில்: கணக்கையே முதலில் போட்டுவிடுவோம். 2013 ஏப்ரலில் ஹாம்பர்க்கில் தன் முதல் மாரத்தானை அவர் 2 மணி 5 நிமிடம் 30 வினாடியில் ஓடினார். 2022 செப்டம்பரில் பெர்லினில் உலக சாதனை படைத்தபோது நேரம் 2:01:09. 4 நிமிடம் 21 வினாடி குறைந்திருக்கிறது. அதை 42.195 கிலோமீட்டருக்குப் பங்கு வைத்தால், கிலோமீட்டருக்கு 2:58 ஆக இருந்தது 2:52 ஆகியிருக்கிறது. ஒன்பது ஆண்டு உழைப்புக்குக் கூலி ஆறு வினாடி.

அந்த ஆறும் தவணை தவறாமல் வரவில்லை. 2013 செப்டம்பரில் பெர்லினில் 2:04:05. பிறகு ராட்டர்டாமில் 2:05:00, சிகாகோவில் 2:04:11, லண்டனில் 2:04:42, 2015 செப்டம்பரில் மறுபடி பெர்லினில் 2:04:00. இரண்டு வருடம், நான்கு மாரத்தான், லாபம் ஐந்தே வினாடி. (அந்த 2015 பெர்லினில் ஷூவின் உள் அட்டைகள் வெளியே பிதுங்கி, இரண்டு காலிலும் இறக்கை மாதிரி அடித்துக்கொண்டிருக்க ஓடி ஜெயித்தார்.) அதன்பின் 2016 லண்டனில் 2:03:05, 2018 பெர்லினில் 2:01:39. இடையில் கார்பன் தட்டு வைத்த ஷூ வந்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். 2017-ல் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் அந்த வகை ஷூவைச் சோதித்தபோது, அதே வேகத்துக்குச் செலவாகும் ஆற்றல் சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. ஆறு வினாடியில் ஷூவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை.

மாரத்தானுக்கு முந்தைய கதையில்தான் உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. 2003-ல் பாரிஸ் உலகத் தடகளப் போட்டியில், 18 வயதில், மொராக்கோவின் எல் குரூஜையும் எத்தியோப்பியாவின் பெக்கேலேயையும் தாண்டி 5,000 மீட்டர் தங்கம் வாங்கினார். அடுத்த வருடம் அதே தூரத்தை 12:46.53-ல் ஓடினார். அதன் பிறகு எட்டு வருடம் டிராக்கில் ஓடியும் அந்த நேரம் வினாடியில் நூறில் ஒரு பங்குகூட இறங்கவில்லை. ஏதென்ஸில் வெண்கலம், பெய்ஜிங்கில் வெள்ளி என்று பதக்கம் மட்டும் வந்தது. 2012-ல் கென்ய ஒலிம்பிக் அணியிலேயே இடம் கிடைக்கவில்லை. 'இவன் முடிந்தான்' என்று எழுதிவிடக்கூடிய இடம் அது. பயிற்சியாளர் பேட்ரிக் சாங் ஆளை மாற்றவில்லை, தூரத்தை மாற்றினார்.

சாங்கும் லேசான ஆள் இல்லை. 1992 பார்சிலோனாவில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் (தடை தாண்டும் ஓட்டம்) வெள்ளி அவருடையது. இந்தப் பையனின் கால் எந்த வேலையைத் தாங்கும், எந்த வாரத்தில் நோகும், பந்தயத்துக்கு எத்தனை நாள் முன்னால் ஓட்டத்தைக் குறைத்தால் சரியாக வருவான் என்பதெல்லாம் பத்து வருட நோட்டுப் புத்தகமாக அவர் தலைக்குள் இருந்தது. புதிதாக வரும் பயிற்சியாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அதைக் கற்க இரண்டு வருடம் பிடிக்கும். அந்த இரண்டு வருடச் செலவை ஓட்டக்காரரின் உடம்புதான் கட்டும்.

கேள்வி: சாங்கின் வாராந்திர அட்டவணை கிடைத்தது. எங்கள் கல்லூரி அணிக்கு அப்படியே கொடுக்கலாமா? பையன்கள் 5,000 மீட்டரை 16 நிமிடத்தில் ஓடுகிறார்கள்.
– கல்லூரி அணிப் பயிற்சியாளர், திருநெல்வேலி

பதில்: சட்டகத்தைக் கொடுக்கலாம், எண்களைக் கொடுக்கக் கூடாது. கென்யாவின் கப்டகாட் முகாமில் வாரம் இப்படி நகரும்: செவ்வாய் டிராக், வியாழன் லாங் ரன் (ஒரு வாரம் 30 கிலோமீட்டர், மறு வாரம் 40), சனி ஃபார்ட்லெக் (ஒரே ஓட்டத்துக்குள் வேகமும் மெதுவும் மாறி மாறி). மற்ற நாட்கள் எல்லாம் மெதுவான ஓட்டம். வாரத்துக்கு 200 கிலோமீட்டர் தாண்டும். முகாம் இருப்பது சுமார் 2,400 மீட்டர் உயரத்தில். உலக சாதனை படைத்தவரும் முறை வைத்துக் கழிப்பறை கழுவுகிற இடம் அது. இந்த 200-ஐ 70 கிலோமீட்டர் ஓடும் பையனிடம் நீட்டினால் ஆறாவது வாரம் ஆர்த்தோ டாக்டரிடம் போய் நிற்பான்.

உங்கள் பையன்களுக்கு வாரம் 70 முதல் 80 கிலோமீட்டர் போதும். செவ்வாய் 5 x 1,000 மீட்டர், கிலோமீட்டருக்கு 3:18 அளவில், நடுவில் 2 நிமிடம் ஜாகிங். வியாழன் 16 முதல் 18 கிலோமீட்டர். சனி 25 நிமிட டெம்போ (சீராகத் தாங்கக்கூடிய வேக ஓட்டம்), 3:28 – 3:32 பேஸில். மீதி நாள் 8 முதல் 10 கிலோமீட்டர், 4:30 – 5:00. ஞாயிறு முழு ஓய்வு. சாங்கின் பட்டியலில் ஞாயிறும் ஓட்டம் உண்டு, ஆனால் அவருடைய ஆட்களுக்கு மறுநாள் காலை எட்டு மணி வகுப்பு கிடையாது.

அட்டவணையில் எழுதப்படாத ஒன்றுதான் முக்கியம். கடினமான மூன்று நாளிலும் கிப்சோகே தன் சக்தியில் சுமார் 80 சதவீதம்தான் செலவழிப்பதாகச் சொல்லியிருக்கிறார், மற்ற நாளில் பாதி. 3:18 என்று நாங்கள் சொன்னதும் அதனால்தான். 16 நிமிடப் பையனின் பந்தய வேகம் 3:12. அவனால் செவ்வாயன்று 3:08-ல் ஐந்தும் ஓட முடியும். ஓட விடாமல் இருப்பதுதான் உங்கள் சம்பளத்துக்கு உண்டான வேலை.

இரண்டு பையன்களின் செவ்வாய்க்கிழமையைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒருவன்: 3:02, 3:10, 3:18, 3:26, 3:34. இன்னொருவன்: 3:19, 3:18, 3:18, 3:18, 3:17. கூட்டிப் பாருங்கள், இருவருக்கும் மொத்தம் 16:30, சராசரி 3:18. நோட்டில் சராசரி மட்டும் எழுதுகிற பயிற்சியாளருக்கு இரண்டும் ஒன்றே. முதல் பையன் இரண்டாவது ரிப்பீட்டிலேயே (ஒவ்வொரு 1,000 மீட்டரும் ஒரு ரிப்பீட்) தசை கரைக்க முடியாத வேகத்தில் லாக்டேட்டை (கடும் ஓட்டத்தில் தசையில் சேரும் பொருள்) ஏற்றிவிட்டான். கடைசி இரண்டில் தோள் காதுவரை ஏறியிருக்கும், கால் தரையைத் தேய்த்திருக்கும். அவன் அன்று பயின்றது தளர்ந்து ஓடும் முறையை. வியாழன் வரை கால் கனக்கும், சனிக்கிழமை டெம்போ சொதப்பும், 'ஃபார்ம் போய்விட்டது சார்' என்று வந்து நிற்பான். இரண்டாவது பையன் வீட்டுக்குப் போகும்போது இன்னும் ஒன்று ஓடியிருக்கலாமே என்று நினைப்பான். அப்படி நினைத்தால் அன்றைய வேலை சரி.

எப்போது ஏற்றுவது? அதே 5 x 1,000-ஐ மூன்று, நான்கு வாரம் மாற்றாமல் வையுங்கள். ஐந்தாவது ரிப்பீட் முடிந்து ஒரு நிமிடத்தில் நாடித் துடிப்பு எவ்வளவு இறங்குகிறது என்று ஒவ்வொரு வாரமும் எண்ணுங்கள். முதல் வாரத்தைவிட வேகமாக இறங்கி, கடைசி ரிப்பீட்டும் முதலைப் போலவே இருந்தால் ஆறாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வேகத்தைத் தொடாதீர்கள். பந்தயத்தில் 15:45 ஓடிக் காட்டிய பிறகுதான் 3:18 என்பது 3:15 ஆக வேண்டும். பயிற்சி வேகத்தை நிர்ணயிப்பது ஓடி முடித்த பந்தயம். ஓட ஆசைப்படும் நேரத்தை வைத்துப் பேஸ் கொடுக்கும் பழக்கம் நம் மைதானங்களில் பரவலாக இருக்கிறது. பாதிப் பையன்கள் காணாமல் போவது அங்கேதான்.

கேள்வி: என் மகன் முதல் வருடம் 5,000 மீட்டரில் இரண்டு நிமிடம் குறைத்தான். இரண்டாம் வருடம் ஐந்தே வினாடி. பயிற்சியாளரை மாற்றலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: முதல் வருடம் யாருக்கும் குறையும். ஓடாத உடம்பு ஓடத் தொடங்கினால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு சில மாதத்தில் கூடிவிடும். தசைக்குள் நுண்குழாய்கள் பெருகுவதும், ஆற்றல் எரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுவதும் அதற்குப் பின்னும் வருடக்கணக்கில் நடக்கிற வேலை. தசைநாண்கள் இன்னும் மெதுவாகத்தான் தடிக்கும். இரண்டாம் வருடம் கடிகாரத்தில் தெரியாது.

நியூசிலாந்தின் மரே ஹால்பெர்கைப் பாருங்கள். ரக்பி ஆட்டத்தில் அடிபட்டு இடது கை செயலிழந்தவர். ஆர்தர் லிடியார்ட் என்பவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். லிடியார்ட் ஷூ தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், வெவ்வேறு தூரங்களைத் தன் உடம்பிலேயே ஓடிப் பார்த்துப் பயிற்சி முறையை உருவாக்கியவர். ஹால்பெர்க் 1954 வான்கூவர் காமன்வெல்த் போட்டியில் மைல் ஓட்டத்தில் 5-ம் இடம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் இறுதியில் 11-ம் இடம். இன்றைய பெற்றோராக இருந்தால் அந்த ஊரிலேயே வேறு ஆள் தேடியிருப்பார்கள். 1958-ல் கார்டிஃபில் 3 மைல் தங்கம். 1960 ரோமில், 5,000 மீட்டரில் மூன்று சுற்று மிச்சம் இருக்கும்போதே கூட்டத்தை உதறிவிட்டுப் பாய்ந்து, கடைசிச் சுற்றில் தள்ளாடியபடி 13:43.4-ல் தங்கம் வாங்கினார். அன்று அதே மைதானத்தில், ஒரு மணி நேரத்துக்குள், லிடியார்டின் இன்னொரு ஆளான பீட்டர் ஸ்னெல் 800 மீட்டர் தங்கம் வாங்கியிருந்தார்.

பயிற்சியாளரை மாற்ற நியாயமான காரணங்களும் உண்டு. வருடத்துக்கு இரண்டு தடவை காயம் வருகிறது, நோட்டு வைப்பதில்லை, எல்லாப் பையன்களுக்கும் ஒரே வொர்க்-அவுட், வலி என்று சொன்னால் திட்டு. இவற்றில் இரண்டு இருந்தால் மாற்றுங்கள். ஐந்து வினாடி காரணமல்ல.

கேள்வி: லிடியார்ட் முறையில் 12 வாரம் வேக ஓட்டமே கூடாதாமே? பள்ளி திறந்த கொஞ்ச நாளிலேயே குறுவட்டப் போட்டி வந்துவிடுகிறது. என்ன செய்வது?
– உடற்கல்வி இயக்குநர், அறந்தாங்கி

பதில்: அவர் முறையை 'மெதுவாக நிறைய ஓடு' என்று சுருக்கிவிட்டார்கள், அது தவறு. அந்த 12 வாரம்தான் அடித்தளக் கட்டம். அதில் வாரம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர், மூச்சு வாங்காத ஆனால் சோம்பலும் இல்லாத வேகத்தில். ஞாயிற்றுக்கிழமை ஆக்லாந்துக்கு மேற்கே வைட்டாகரே மலையில் 22 மைல் சுற்று. 800 மீட்டர் ஓடும் ஸ்னெல்லும் அதை ஓட வேண்டும். 1961 டிசம்பரில் ஸ்னெல் ஒரு முழு மாரத்தான் ஓடினார். 1962 ஜனவரி 27-ல் வாங்கனுயியில் மைல் உலக சாதனை, 3:54.4. ஒரு வாரம் கழித்து கிரைஸ்ட்சர்ச்சில் புல்தரையில் 800 மீட்டர் உலக சாதனை, 1:44.3. அடித்தளத்துக்குப் பிறகு சுமார் நான்கு வாரம் மேட்டு ஓட்டம், அடுத்த நான்கு வாரம் டிராக்கில் கடுமையான ரிப்பீட்கள், அப்புறம் போட்டிக்கான கூர்தீட்டல். வேகம் கடைசியில் வருகிறது என்பதால் குறைவாக வருகிறது என்று பொருளில்லை. மூச்சு முட்டும் ரிப்பீட்களின் பலன் சில வாரத்தில் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். அடித்தளம் எவ்வளவு உயரமோ, அந்த உச்சமும் அவ்வளவு உயரம்.

உங்கள் சிக்கலுக்கு: ஏப்ரல் நடுவில் தேர்வு முடிந்ததும் அடித்தளத்தைத் தொடங்குங்கள், ஜூலை நடுவில் 12 வாரம் ஆகிவிடும். கோடை என்பதால் காலை 5 மணிக்கு ஓட்டம் தொடங்கி 6:30-க்குள் முடிய வேண்டும். வழக்கமான பேஸைவிடக் கிலோமீட்டருக்கு 15 – 20 வினாடி மெதுவாக ஓடுவதைக் குறையாக எண்ண வேண்டாம். வெயிலில் தோலைக் குளிர வைக்கவும் ரத்தம் போகிறது, காலுக்கு வருவது குறைகிறது. வேகம் மறந்துவிடாமல் இருக்க, வாரம் இரண்டு நாள் ஓட்டம் முடிந்ததும் 6 x 80 மீட்டர், நடந்து திரும்பி, இளகிய ஓட்டமாக. குறுவட்டப் போட்டியை அடித்தளத்திலிருந்தபடியே ஓடட்டும். நல்ல அடித்தளம் உள்ள பையன் அதில் எப்படியும் தேறுவான். மாவட்டத்துக்கு நான்கு வாரம் முன்னால்தான் கடும் ரிப்பீட். எல்லாப் போட்டிக்கும் உச்சத்தில் இருக்க வைக்க முயன்றால் மாநிலப் போட்டிக்கு ஆள் சக்கை.

விளையாட்டு விடுதித் தேர்வு, ரயில்வே, ராணுவ வேலைக்கான ஒதுக்கீடு என்று ஒவ்வொரு வருடமும் சான்றிதழ் தேவைப்படுவது உண்மைதான். புதுக்கோட்டையிலிருந்து போன ஜி. லட்சுமணன் 2017-ல் புவனேஸ்வர் ஆசியப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வாங்கியவர். ராணுவத்தில் இருந்தபடிதான் ஓடினார். வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. எந்தப் போட்டியின் சான்றிதழ் செல்லும் என்று முன்பே பார்த்து, வருடத்துக்கு இரண்டே இரண்டுக்கு உச்சத்தைக் குறி வையுங்கள்.

கேள்வி: 15 வயது மாணவி, 3,000 மீட்டர். ஓட்டத்தைக் கூட்டிய ஐந்தாவது வாரம் முன்காலில் ஓரிடத்தில் வலி. 'ஷின் பெயின்தான், ஓடினால் சரியாகும்' என்கிறார்கள். சரியா?
– உடற்கல்வி ஆசிரியை, ஓமலூர்

பதில்: ஓட வைக்காதீர்கள். எலும்பின் உள்விளிம்பு நெடுக, ஒரு சாணுக்குப் பரவி வலித்து, உடம்பு சூடானதும் குறைந்தால் அது நீங்கள் சொல்லும் ஷின் பெயின். ஒரே விரல் நுனியால் தொட்டு 'இங்கேதான்' என்று காட்ட முடிந்தால், ஒற்றைக் காலில் குதித்தால் சுளீரென்றால், ராத்திரியிலும் வலித்தால், எலும்பில் கீறல் என்று வைத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். 'எக்ஸ்ரே நார்மல்' என்று ஓட விட்டுவிடுகிறார்கள். வலி தொடர்ந்தால் எம்.ஆர்.ஐ. கேட்க வேண்டும்.

ஐந்தாவது வாரம் என்பது தற்செயல் அல்ல. சுமை கூடியதும் எலும்பு தன்னைப் புதுப்பிக்கத் தொடங்கும். முதலில் பழையதைக் கரைக்கும், பிறகுதான் புதியதைப் படிய வைக்கும். கரைத்து முடித்து இன்னும் கட்டி முடிக்காத வாரங்களில் எலும்பு முன்பைவிட பலவீனம். மூச்சும் தசையும் அப்போது நன்றாகத் தேறியிருக்கும், பிள்ளை பறப்பாள், ஆசிரியரும் சந்தோஷத்தில் இன்னும் ஐந்து கிலோமீட்டர் கூட்டுவார். அதனால்தான் மூன்று வாரம் ஏற்றி நான்காவது வாரம் இறக்க வேண்டும். இந்த வயதுக்கு 28, 31, 34 கிலோமீட்டர், நான்காவது வாரம் 26. அடுத்த சுற்று 32-ல் தொடங்கும்.

இன்னொன்றையும் தனியாக, தயங்காமல், கேளுங்கள்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? மூன்று மாதம் வராமல் இருந்தால் ஓட்டத்துக்கு வேண்டிய அளவு சாப்பாடு போகவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். எலும்புக்கு வேண்டிய ஹார்மோனும் குறைந்திருக்கும். மகளிர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருப்பது ஓடும் பெண்களிடம் சாதாரணம். மருத்துவர் இரும்பு மாத்திரை எழுதினால் நெல்லிக்காயோடோ எலுமிச்சைச் சாற்றோடோ எடுக்கட்டும். டீ, காபி முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் கூடாது.

ஓய்வில் எட்டு வாரம் போச்சே என்று பெற்றோர் அழுதால் கென்ய ஓட்டக்காரி ஃபெய்த் கிப்யெகோனைச் சொல்லுங்கள். 2018-ல் குழந்தை பெற்றதால் ஒரு பருவம் முழுக்க ஓடவில்லை. அதன் பிறகு 1,500 மீட்டரில் மேலும் இரண்டு ஒலிம்பிக் தங்கம். 2013-ல் 3:56.98 ஓடியவர், 2025-ல் 3:48.68 ஓடி உலக சாதனையை இன்னும் கீழே இறக்கினார். அவருக்கும் பயிற்சியாளர் அதே சாங்தான்.

கேள்வி: ஊட்டியில் மூன்று வாரம் பயிற்சி முகாம் போட்டால் பலன் உண்டா?
– அணி மேலாளர், ஈரோடு

பதில்: ஊட்டி சுமார் 2,240 மீட்டர், கப்டகாட்டுக்கு ரொம்பக் குறைவில்லை. உயரத்தில் ரத்தச் சிவப்பணுக்கள் அதிகரிக்க மூன்று நான்கு வாரம் ஆகும் என்பதால் மூன்று வாரம் என்பது விளிம்பு. முதல் வாரம் ரிப்பீட் எதுவும் வேண்டாம், ஈஸி ரன் மட்டும். ஃபெரிட்டின் குறைவாக உள்ளவரை ஏற்றிச் செல்வதில் பிரயோஜனமே இல்லை, அணு செய்யச் சரக்கு வேண்டும். எங்களைக் கேட்டால், அந்த முகாம் பணத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு வருடம் முழுக்கத் தினம் இரண்டு முட்டையும் பாலும் கொடுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. மாரத்தான் வீரனாக்க தினமும் 10 கிலோமீட்டர் ஓட வைக்கிறேன். சரிதானே?
– வாசகர், கரூர்

பதில்: இல்லை. கபடி, ஃபுட்பால், ஓடிப்பிடித்து விளையாடுதல், வாரம் மூன்று நாள் 2 – 3 கிலோமீட்டர். கிப்சோகே முதல் மாரத்தான் ஓடியபோது வயது 28.

கேள்வி: நோட்டு வைக்கச் சொல்கிறீர்கள். அதில் என்ன எழுதுவது? ஆப்பில் எல்லாம் தானாகப் பதிவாகிறதே.
– கல்லூரி மாணவர், கோவில்பட்டி

பதில்: ஆப் தூரத்தையும் நேரத்தையும் பதியும். அதற்குத் தெரியாதவை ஐந்து: எழுந்ததும் படுக்கையிலேயே எண்ணிய நாடி, எத்தனை மணி நேரத் தூக்கம், எங்கே வலி, ஓடும்போது முழு வாக்கியம் பேச முடிந்ததா, அன்றைய வெயில். ரிப்பீட் நாளில் ஒவ்வொன்றின் நேரத்தையும் தனித்தனியே எழுதுங்கள், சராசரி வேண்டாம். காலை நாடி உங்கள் வழக்கத்தைவிட 7, 8 துடிப்பு கூடுதலாக இரண்டு நாள் தொடர்ந்தால் அன்று டிராக்கை விட்டுவிட்டு 6 கிலோமீட்டர் மெதுவாக ஓடுங்கள். கிப்சோகே 2003-லிருந்து கையால் எழுதி வருகிறார். நாற்பது பக்க நோட்டு போதாது, 200 பக்கம் வாங்கிக்கொள்ளுங்கள்.